வீரபாண்டிக்குப் பின்னால் நின்றவர்

‘கருவியில் பிழை ஏதும் இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் ஆங்கிலத்தில் மொத்தம் நான்கு வரி. 2007 ஏப்ரலில் எழுதியது. எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது; இப்போது அதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

என் பெயர் ஜோதிமணி. அபுதாபியின் முசஃபாவில், டயர் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில், ஏழு பேர் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். தொழிலாளர்கள் டியூட்டிக்கு வரும்போதும் போகும்போதும் அட்டையைக் காட்டிவிட்டுப் போவார்களே, அந்தப் பெட்டியைத்தான் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். பெட்டிக்குள் ஓடியது லினக்ஸ். அதன் அடிமட்டம், அதாவது கர்னல், முழுக்க என் பொறுப்பு. மேலே திரையில் கலர் கலராக என்ன தெரிகிறது என்பதெல்லாம் மற்றவர்கள் பாடு. அவர்களிடம் நான் அவ்வளவாகப் பேசுவதும் இல்லை. கர்னல் எழுதுகிறவள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

நினைவகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் பெட் ஸ்பேஸை, அதாவது ரூமில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுப்பதை, வைத்துத்தான் விளக்குவேன். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களுக்கு அது சட்டென்று புரியும். ஒரு ரூம், அதில் வரிசையாக ஒட்டி ஒட்டிப் போட்ட கட்டில்கள். அட்டை காட்டுகிற ஒவ்வொரு ஆளுக்கும் பெட்டி ஒரு கட்டில் ஒதுக்கும். கட்டிலின் தலைமாட்டில் ‘ஆள் உண்டு’ என்று ஒரு குறி வைக்கும். அந்த ஆளின் பெயரையும் நேரத்தையும் அழியாத பதிவில் எழுதி முடித்ததும் குறியை எடுத்துவிட்டு, கட்டிலை அடுத்தவருக்குக் கொடுக்கும். குறி இல்லாத கட்டிலை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

இப்படி ஒதுக்குவதற்குக் கர்னலுக்குள்ளேயே நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பல நாட்டு ஆட்கள் பல வருஷம் எழுதிச் சோதித்தது. எனக்கு அது போதவில்லை. நம் சின்னப் பெட்டிக்கு அது பெரிய சுமை, நானே கச்சிதமாக ஒன்று எழுதுகிறேன் என்று சொல்லி எழுதினேன். அளந்து பார்த்தபோது வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனாலும் முதலாளி அனந்தகிருஷ்ணன் வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஜோதிமணி கர்னலையே திருத்துகிறவள் என்று பாராட்டினார். அந்த வார்த்தைக்காகத்தான் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரியில் பெரிய யார்டு ஒன்றில் எங்கள் பெட்டியை மாட்டினார்கள். கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு இரும்புச் சட்டம் வெல்டிங் செய்யும் இடம். அறுநூறு பேர் வேலை. அங்கே டைம்கீப்பராக இருந்தவர் முகம்மது சித்தீக், கீழக்கரைக்காரர். ஐம்பது வயதிருக்கும். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஏப்ரலில் அவர் போன் செய்தார். வேலுச்சாமி என்று ஓர் ஆள் தினமும் சாயந்தரம் அட்டை காட்டுவதாகச் சொல்கிறான், ஆனால் மாதத்தில் பாதி நாள் அவன் வெளியே போனதே பதிவாகவில்லை, கம்பெனி இரண்டு முறை வார்னிங் லெட்டர் கொடுத்துவிட்டது, ஒருமுறை நேரில் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

போனேன். காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வேலுச்சாமி ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். புதுக்கோட்டைப் பக்கம். நாற்பது வயது. கிரேனில் சரக்குக் கட்டிவிடும் ரிக்கர் வேலை. வார்னிங் லெட்டர் வாங்கிய ஆளுக்கு இருக்கிற கோபம் எதுவும் முகத்தில் இல்லை.

“அட்டையை வைக்கிறேங்க. பீப்புன்னு சத்தம் வருது, பச்சையும் எரியுது. அதுக்கு மேல நான் என்னங்க செய்யணும்?” என்றார்.

அவருடைய அட்டையை வாங்கி இருநூறு முறை வைத்து எடுத்தேன். இருநூறும் பதிவானது. அட்டையைச் சாய்த்து வைத்தேன், வேகமாக இழுத்தேன், வியர்வைக் கையோடு வைத்தேன். எல்லாம் சரி. அப்போது சித்தீக் மெதுவாக ஒன்று சொன்னார். சாயந்தரம் ஆறு மணிக்கு இருந்து பாருங்கள் தங்கச்சி, கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரியும் என்றார். ஆறு மணி வரை அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அதற்கு மேல் கிளம்பினால் ஹம்தான் தெருவில் இருக்கிற என் ஃபிளாட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். கூட்டத்திலும் இதே அட்டை, இதே பெட்டிதானே என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். வேலுச்சாமியிடம், “ஏனுங்ண்ணா, அட்டையைக் கொஞ்சம் நிதானமா வெச்சுப் பழகுங்க. மெஷினு பொய் சொல்லாதுங்” என்று வேறு புத்தி சொன்னேன். அவர் சரிங்க என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

மத்தியானம் ஆபீசுக்கு வந்து அந்த நான்கு வரியை எழுதினேன். கருவியில் பிழை இல்லை, அட்டையைப் பயன்படுத்தும் முறையில்தான் குறை என்று.

ஜூனில் அந்த யார்டில் திருட்டுப் போனது. ஸ்டோருக்கு வெளியே வைத்திருந்த தாமிரக் கேபிள் சுருள் இரண்டை ஒரே ராத்திரியில் காணோம். அன்றைய பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே வந்தவர்களில் ஒரே ஒருவர் வெளியே போகவில்லை. வேலுச்சாமி. நான் பஸ்ஸில் ஏறி ரூமுக்குப் போனேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ரூமில் இருந்தவர்களும் சொன்னார்கள். ஒரே ரூம்காரன் சாட்சியெல்லாம் எடுபடாது என்றுவிட்டார்கள். ஃபைலில் என் கடிதம் இருந்தது. அதைப் பின் அடித்து மேலே அனுப்பி, பத்து நாளில் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். திரும்ப வர முடியாதபடி தடையும் போட்டார்கள். போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிய மனசு என்று சொன்னார்களாம்.

இதைச் சித்தீக் போனில் சொன்னபோது நான் ஐயோ பாவம் என்றுகூட நினைக்கவில்லை. பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே என்றுதான் நினைத்தேன். பாதி நாள் பதிவு விட்டுப்போனதன் காரணம் இப்போதல்லவா புரிகிறது, ஆள் அப்போதிருந்தே நோட்டம் பார்த்திருக்கிறான் என்று வாய்விட்டே சொன்னேன். அவர் போனை வைத்தார். பெட்டியைப் பற்றி இருந்த ஒரே புகாரும் தீர்ந்தது என்று நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்டில் அவர் மறுபடியும் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஆளை அனுப்பியாச்சு. நோவு போகலையே” என்றார்.

ஒரு பீகார்க்காரர். மூன்று வாரமாக அவர் வெளியே போவது பதிவாகவில்லையாம். தினமும் இல்லை, பாதி நாள். அவரும் அதையே சொல்கிறாராம்: பீப் சத்தம் வருகிறது, பச்சை எரிகிறது.

போனை வைத்தேன். ஆள் போன பிறகும் தப்பு அங்கேயே இருக்கிறது என்றால், தப்பு அந்த ஆளுடையது இல்லை. இதைப் புரிந்துகொள்ள கர்னல் தெரிய வேண்டியதில்லை.

அன்றைக்கே யார்டுக்குப் போனேன். இந்தத் தடவை ஆறு மணி வரை இருந்தேன். சைரன் ஊதியதும் அறுநூறு பேரும் ஒரே வாசலுக்கு வந்தார்கள். காலையில் ஹெல்மெட், ஷூ எல்லாம் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விடுவதால் வரிசை நிதானமாக நகரும். சாயந்தரம் அப்படி இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் பிடிக்க வேண்டும். முன்னால் நிற்பவர் கையை எடுக்குமுன் பின்னால் நிற்பவர் அட்டையை நீட்டுகிறார். பீப், பீப், பீப் என்று மூச்சுவிடாமல் கத்தியது என் பெட்டி. நான் இருநூறு முறை சோதித்தேனே, ஒவ்வொரு முறையும் திரையில் பெயர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த முறை வைத்திருக்கிறேன். அப்படி எந்தத் தொழிலாளியும் வைக்க மாட்டார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் நான் வேறு வேலை பார்க்கவில்லை. கர்னலில் நினைவகம் கெட்டுப்போனால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கெடுத்தவன் ஒரு பக்கம் இருப்பான், அடிபட்டவன் வேறொரு பக்கம் விழுந்து கிடப்பான். விழுந்தவனையே திரும்பத் திரும்பச் சோதித்தால் ஒன்றும் கிடைக்காது. ஏப்ரலில் நான் செய்தது அதுதான். கடைசியில் ஒரு பழைய வழியைப் பிடித்தேன். ஒவ்வொரு இரண்டு கட்டிலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, அதில் ஒரே குறியை நிரப்பி வைத்தேன். வேலி போடுகிற மாதிரிதான். யாராவது தன் கட்டிலைத் தாண்டிக் கால் நீட்டினால் வேலியில் தடம் தெரியும். அன்று சாயந்தரம் கூட்டம் கலைந்ததும் நினைவகத்தை அப்படியே லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு வந்தேன். வேலி நடுவில் இருந்ததால் அன்றைக்கு யாருமே தொலையவில்லை.

மறுநாள் காலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வேலியாகப் பார்த்தேன். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. ஒரே ஒரு வேலியின் முதல் இடத்தில் மட்டும் பூஜ்யம். அதற்கு முந்தைய கட்டிலில் படுத்திருந்த பெயர் SOLAIMALAI ALAGARSAMY VEERAPANDI.

விரல்விட்டு எண்ணினேன். இடைவெளிகளையும் சேர்த்து முப்பத்திரண்டு. நம்பாமல் இன்னும் இரண்டு முறை எண்ணினேன்.

பெயருக்கு நான் கொடுத்திருந்த இடமும் முப்பத்திரண்டுதான். பெயர் முடிந்ததும் கணினி ஒரு பூஜ்யத்தை எழுதும், இதோடு முடிந்தது என்பதற்கு அடையாளமாக. முப்பத்திரண்டுக்கு மேல் போனால் வெட்டு என்று எழுதியிருந்தேன். முப்பத்திரண்டு இருந்தாலும் வெட்டு என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு சமக்குறி விட்டுப்போய்விட்டது. முப்பத்தொன்று என்றால் பூஜ்யத்துக்கு இடம் இருக்கும். முப்பத்து மூன்று என்றால் வெட்டுப்பட்டுவிடும். சரியாக முப்பத்திரண்டு எழுத்துள்ள பெயருக்கு மட்டும் பூஜ்யம் பக்கத்துக் கட்டிலின் தலைமாட்டில் போய் விழும். அங்கே இருந்த ‘ஆள் உண்டு’ என்ற குறி அழியும். அங்கே படுத்திருந்த ஆள் இல்லாமல் போவார்.

பெயரைத் தேடி எடுத்து எழுதப் பெட்டிக்கு ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடிக்குள் அடுத்தவர் அட்டையை வைத்தால்தான் அவர் குறி அழியும். ஆக, வீரபாண்டிக்குப் பின்னால் இடித்துக்கொண்டு நிற்கிறவர் மட்டும் தொலைவார். இதைச் சித்தீக்கிடம் சொல்லி, யார் அந்த வீரபாண்டி என்று கேட்டேன். வேலுச்சாமியும் அவனும் இணைபிரியாத சிநேகிதம், வேலை முடிந்தால் ஒருத்தன் தோளில் ஒருத்தன் கையைப் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவார்கள், வேலுச்சாமி எப்போதும் பின்னால்தான் நிற்பான் என்றார். வேலுச்சாமி போன பிறகு அந்த இடத்துக்கு பீகார்க்காரர் வந்திருக்கிறார்.

சோதனைக்கு நான் போட்டிருந்த பெயர்களை எடுத்துப் பார்த்தேன். TEST ONE, TEST TWO, பிறகு R JOTHIMANI. இனிஷியலும் பெயருமாக எழுதியே பழகியவள் நான். அப்பா பெயரை ஒற்றை எழுத்தில் முடித்துக்கொண்டு, தாத்தா பெயர் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோன ஊரிலிருந்து வந்து, ஆளுக்கு மூன்று பெயர் கேட்கிற நாட்டுக்குப் பெட்டி செய்தேன். முப்பத்திரண்டு எழுத்து எவனுக்கு வரப்போகிறது என்று நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அனந்தகிருஷ்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டார், கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். உடனே திருத்தி எல்லாப் பெட்டிகளுக்கும் புது வெர்ஷன் அனுப்பு என்றார். அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கி யார்டுக்கு எழுத வேண்டுமே என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். எழுதினால் கம்பெனியை மூட வேண்டியதுதான், ஏழு பேர் விசாவும் இதில்தான் இருக்கிறது, ஆள் ஊருக்கே போயாச்சு, அவன் இந்நேரம் வேறு வேலை தேடியிருப்பான் என்றார். புது வெர்ஷனோடு போகும் குறிப்பில் ‘செயல்திறன் மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதினேன். அதற்கும் என் கையெழுத்துதான்.

பத்து நாள் பேசாமல் இருந்தேன். அந்தப் பத்து நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏப்ரலில் செய்தது தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகஸ்டில் இருந்தது தெரிந்தே இருந்தது. யாருடைய பெயரைப் பார்த்தாலும் எழுத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

பதினோராம் நாள், கம்பெனி லெட்டர்ஹெட் இல்லாமல் வெறும் தாளில், நடந்தது முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு யார்டில் கொடுத்தேன். சீல் இல்லாத காகிதத்துக்கு மதிப்பில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஃபைல் கிளோஸ் என்றார்கள். தடையை எடுப்பது அவர்கள் கையில் இல்லை என்றார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. திருடன் என்ற பெயரோடு ஊருக்குப் போன ஒரு மனுஷனிடம், நீங்கள் திருடவில்லை என்று எனக்குத் தெரியும் என்றாவது சொல்லிவிட வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அவருடைய ஊர் நம்பர் சித்தீக்கிடம் இல்லை. வீரபாண்டியிடம் இருக்கும் என்றார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு, தொழிலாளர்கள் தங்கும் கேம்புக்கு எதிரில் இருந்த கஃபத்தேரியாவுக்குச் சித்தீக்கே என்னைக் கூட்டிப்போனார். கேம்புக்குள் பெண்பிள்ளை போக முடியாது. வீரபாண்டி குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, அயர்ன் பண்ணின சட்டையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். மேலூர்க்காரர். வேலுச்சாமியைவிட வயதில் சின்னவர். இருவரும் வேறு வேறு ஊர், வேறு வேறு கேம்ப். வேலை செய்த இடத்தில் ஒட்டிக்கொண்ட சிநேகிதம்.

கட்டில் கதையைச் சொல்லியே விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பெயர் என்று வந்ததும் நிமிர்ந்தார்.

“அப்ப எம்பேரால தான் அண்ணன் போனாப்லயா?”

உங்கள் பெயரில் ஒரு குற்றமும் இல்லை, எழுதிய நான்தான் தப்பு என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. சோலைமலை தாத்தா பேருங்க, அந்தப் பேரு வேற எந்தக் காகிதத்திலயும் கிடையாது, மூணு பேரு வேணும்னு ஏஜென்ட்தான் பாஸ்போர்ட்டில் சேர்க்கச் சொன்னார் என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். நான் மறுபடியும் என் தப்புதான் என்றேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

“அன்னைக்கு என்னையும் ஆபீசுல கூப்பிட்டு விசாரிச்சாங்க மேடம். அவன் வெளிய வந்ததை நீ பாத்தியான்னு. எனக்குப் பின்னாடிதான் நின்னாப்ல, அப்புறம் பாக்கலைன்னு சொல்லிட்டேன்.” டம்ளரைத் தள்ளி வைத்தார். “ஆனா பாத்தேன். அவுக கேம்ப் பஸ்ஸு கிளம்பையில ஜன்னல்ல இருந்து கையைக் காட்டுனாப்ல. நானும் காட்டுனேன்.”

ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“ஒரு லெட்டரைப் படிச்சுக் காட்டுனாங்க. மெஷின்ல தப்பே கிடையாதுன்னு ஒரு தமிழ் மேடமே எழுதிக் குடுத்திருக்குன்னாங்க. நமக்கு எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன். கை காட்டுனது முந்தின நாளா இருக்கும், நாந்தான் மாத்தி நெனைக்கிறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்ப அப்படியும் சொல்ல முடியாது.”

சித்தீக் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் நான்கு வரி இரண்டு பேரைப் பிடித்திருந்தது. ஒருவரை ஊருக்கு அனுப்பியது. இன்னொருவரைக் கண்ணால் பார்த்ததையே நம்பாதே என்று சொல்லி வைத்திருந்தது. நான் வந்து சொல்லியிராவிட்டால் இவர் தன்னை ஏமாற்றிக்கொண்டாவது தூங்கியிருப்பார்.

வேலுச்சாமி ஊருக்குப் போனபிறகு அவரோடு பேசினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். எந்த முகத்தோடு பேசுவது என்று நம்பரை வைத்துக்கொண்டே இருந்தாராம். நம்பரைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். நிதானமாக, அவர் மட்டும் தனியாக இருக்கும்போது பேசலாமே மேடம் என்றார். எனக்கு நிதானம் என்பது எப்போதுமே கிடையாது. இனி ஒரு நாள்கூட இதை என்னால் சுமக்க முடியாது, இப்போதே சொல்லியாக வேண்டும் என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அவர் நம்பரைச் சொன்னார் என்று நினைக்கிறேன். கடையிலேயே ஒரு போன் கார்டு வாங்கிச் சுரண்டி, நம்பரை அழுத்தினேன்.

நான்கைந்து மணி அடித்து ஒரு பெண் எடுத்தாள். வேலுச்சாமியின் மனைவி கனகா. நான் அபுதாபியிலிருந்து பேசுகிறேன், அவர் வேலை பார்த்த இடத்து மெஷினை எழுதியவள் என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. ஆனால் அபுதாபி என்றதும் குரலில் சந்தோஷம் வந்துவிட்டது.

“மறுபடி வேலைக்குக் கூப்பிடுறாகளா? கொல்லையில தண்ணி இறைக்கிறாக, செத்த இருங்க, கூப்பிடுறேன்.”

நான் இருந்திருக்க வேண்டும். மனைவியிடம் சொன்னாலும் ஒன்றுதானே, அவள்தானே ஊர் வாயில் அதிகம் பட்டிருப்பாள், அவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்று தோன்றியது. மூச்சுவிடாமல் சொன்னேன்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் திருடலைங்க. கேபிளுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க. தப்பு எங்க மெஷினுதுங்க. நாந்தானுங் தப்பா எழுதிக் குடுத்துட்டேன். அவரைத் திருடன்னு சொல்லி அனுப்புனதுக்கு நாந்தானுங் காரணம். என்னை மன்னிச்சிருங்க.”

தூரத்தில் கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது கேட்டது.

“திருட்டா?” என்றாள் கனகா. “முதுகு வலி, பாரம் தூக்க முடியலைன்னுல்ல வந்தாக.”

எதிரில் வீரபாண்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராட்டினம் நின்றது. யாரு போனுல என்று ஓர் ஆண்குரல் கேட்டது. யார்டில் ஹெல்மெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு பேசிய அதே பதமான குரல். கனகா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் பேசியது கொஞ்சம் தள்ளி, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

“அபுதாபிலேருந்து ஒரு அம்மா பேசுறாக. நீங்க திருடலையாம்.”